பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: வைஃபை இல்லை, திரை கறுப்பு, ஒலி வரவில்லை என்றால் என்ன செய்வது?

சிலிம் ரிவர் - கோலாலம்பூரில் அலுவலக வேலை பார்க்கும் மாமா, கம்பெனி கழித்துவிட்ட மடிக்கணினி ஒன்றைத் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது எடுத்து வருகிறார். அக்காள் மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். அடுத்த ஆண்டு அவளுக்கு எஸ்.பி.எம். தேர்வு. அதுவரை வீட்டுப்பாடம், இயங்கலை வகுப்பு, ஆசிரியர் அனுப்பும் பயிற்சித்தாள் எல்லாமே அம்மாவின் கைப்பேசியில்தான். சிலிம் ரிவர், துரோலாக், சுங்காய் வட்டாரத்தில் தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பழக்கப்பட்ட காட்சி. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, வீட்டிலிருந்தே கற்றல் என்று ஆனபோது, ஒரு மடிக்கணினி இல்லாததன் விலை என்ன என்பதை இந்தக் குடும்பங்கள் நன்றாகவே உணர்ந்தன.

ஆனால் அந்த மடிக்கணினியைத் திறந்தால் அதில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. ஓராண்டு நீட்டிப்பு வேண்டுமானால் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இன் பிற்பகுதியில்தான். மாமா கொண்டு வந்தது 2014-ஆம் ஆண்டு மாடல்.

இந்த இடத்தில்தான் யாராவது ஒருவர் லினக்ஸ் போடச் சொல்கிறார். காசு கிடையாது, உரிமம் வாங்க வேண்டாம், நான்கு ஜிபி நினைவகம் இருந்தாலே ஓடும். ஆலோசனை நல்ல ஆலோசனைதான். ஆனால் சொன்னவர் வீட்டுக்குப் போன பிறகு வைஃபை வருவதில்லை, அல்லது திரை கறுத்து நிற்கிறது. மடிக்கணினி அலமாரிக்குப் போய்விடுகிறது. பெரும்பாலான கோளாறுகள் அலமாரிக்குப் போகும் அளவுக்குப் பெரியவை அல்ல. எது எதனால் வருகிறது என்று தெரிந்தால் ஒரு சனிக்கிழமை மதியத்தில் முடிந்துவிடும்.

கோளாறு எங்கிருந்து வருகிறது?

மடிக்கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு சில்லோடும் பேச இயங்குதளத்துக்கு ஒரு சிறிய மென்பொருள் வேண்டும். அதை டிரைவர் என்கிறோம். மடிக்கணினி விற்கும் நிறுவனம் விண்டோஸுக்கான டிரைவரை வாங்கிச் சோதித்து உள்ளே வைத்தே விற்கிறது. லினக்ஸுக்கு அந்த வேலையைப் பெரும்பாலும் அது செய்வதில்லை. சில்லுத் தயாரிப்பாளரோ தன்னார்வ நிரலாளர்களோ எழுதிய டிரைவர்கள் லினக்ஸின் கருவான கெர்னலுக்குள்ளேயே வருகின்றன. கெர்னலின் மூல நிரலில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தாம். ஆகவே ஒரு சில்லின் டிரைவர் கெர்னலில் இருந்தால் எதையும் தேடிப் போட வேண்டியதில்லை, செருகியவுடன் ஓடும். இல்லாவிட்டால்தான் தலைவலி.

திறந்த மூல இயக்கமே ஒரு டிரைவர் சண்டையில் பிறந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் பயனருக்குத் தகவல் போகும்படி நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதிலும் அதையே செய்யப் பார்த்தால் மூல நிரல் கிடைக்கவில்லை. நிரலை வைத்திருந்த ஆய்வாளர் ஒருவரிடம் கேட்டபோது, வெளியிடமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் க்னூ திட்டத்தை அறிவித்தார். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் கெர்னலை வெளியிட்டார். சில்லின் உள்விவரத்தைத் தயாரிப்பாளர் தருவாரா என்ற கேள்வி அன்றைக்கு அச்சுப்பொறியில் இருந்தது, இன்றைக்கு வைஃபை அட்டையில் இருக்கிறது.

பொருத்தம் பார்த்துச் செய்த இடங்களில் லினக்ஸ் சிக்கலின்றி ஓடியிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சேர்த்து, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வழங்கப்பட்டது. கேரளப் பள்ளிகள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தங்கள் சொந்தப் பதிப்பைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. மலேசியாவிலும் அரசுத் துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு 2004-இல் வெளியிட்டது. மொத்தமாகக் கொள்முதல் செய்பவர் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார். மாமா கொண்டு வந்த மடிக்கணினியை யாரும் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை, அதுதான் வேறுபாடு.

வாங்கும்போதே கேட்க வேண்டியவை

கம்பெனி கழித்த மடிக்கணினி என்றால், கையில் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: பயாஸ் கடவுச்சொல் நீக்கப்பட்டதா? பல அலுவலகங்களில் கணினிப் பிரிவு பயாஸைப் பூட்டி வைத்திருக்கும். அந்தப் பூட்டு இருந்தால் பென்டிரைவிலிருந்து தொடங்க முடியாமல் போகலாம். அலுவலகத்தில் இருக்கும்போது இரண்டு நிமிட வேலை. ஊருக்கு வந்த பிறகு அதே வேலைக்குப் பழுது கடையில் போர்டைக் கழற்ற வேண்டி வரும்.

அசல் சார்ஜரையும் கேட்டு வாங்க வேண்டும். குறிப்பாக டெல் மடிக்கணினிகள், சார்ஜரை அடையாளம் காணமுடியாவிட்டால் செயலியின் வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். கடையில் வாங்கிய மலிவுச் சார்ஜரைச் செருகிவிட்டு, லினக்ஸ் மந்தமாக இருக்கிறது என்று குறைசொல்பவர்கள் உண்டு. மின்கலம் உப்பியிருந்தால் வேறு எதையும் தொடாமல் முதலில் அதைக் கழற்றிவிடுவது நல்லது.

அடுத்தது கோப்புகள். லினக்ஸ் நிறுவும்போது 'டிஸ்க் முழுவதையும் அழித்துவிடு' என்ற ஒரு தேர்வு வரும். அவசரத்தில் அதை அழுத்தினால் பழைய கல்யாணப் படங்களும் பிள்ளையின் பள்ளிப் பதிவுகளும் போய்விடும். திரும்ப எடுப்பது மிகக் கடினம், பெரும்பாலும் நடக்காது. வெளி வன்தட்டிலோ இன்னொரு பென்டிரைவிலோ நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்த பிறகே மேலே போக வேண்டும். விண்டோஸ் தானாகவே டிஸ்க்கைப் பிட்லாக்கரால் பூட்டியிருந்தால், பயாஸில் எதையாவது மாற்றியவுடன் நீண்ட மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளவும்.

நிறுவாமலே சோதித்துப் பார்க்கலாம்

லினக்ஸில் இது ஒரு பெரிய வசதி. எட்டு ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மிண்ட் அல்லது உபுண்டுவின் கோப்பை ரூஃபஸ், எட்சர், வென்டாய் போன்ற செயலி மூலம் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸை அது தொடாது. லெனோவோ, டெல் என்றால் தொடங்கும்போது எஃப்12, எச்.பி. என்றால் எஃப்9, ஆசுஸ் என்றால் எஸ்கேப் அல்லது எஃப்8 விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். ஏசரிலும் எஃப்12-தான். ஆனால் பல மாடல்களில் அதை எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் முதலில் இயக்கிவிட வேண்டும்.

பென்டிரைவிலிருந்து ஓடும்போதே எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். வைஃபை வலையமைப்புகள் தெரிகின்றனவா, யூடியூபில் ஒலி வருகிறதா, ஒலிவாங்கியும் கேமராவும் வேலை செய்கின்றனவா, தொடுபலகை நகர்கிறதா, திரை வெளிச்சம் கூடிக் குறைகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா? கால் மணி நேரம் போதும். இதில் தேறினால் நிறுவிய பிறகும் தேறும். பென்டிரைவிலிருந்து ஓடும்போது எல்லாம் மெதுவாகத்தான் இருக்கும், அதை மட்டும் பொருட்படுத்த வேண்டாம்.

ஒன்றைக் கவனிக்கவும். பென்டிரைவ் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். அண்ணன் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் செய்து வைத்த பென்டிரைவில் பழைய கெர்னல்தான் இருக்கும். அதில் இல்லாத டிரைவர் புதியதில் இருக்கலாம். விண்டோஸை விட்டு வெளியேறும்போது ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ஷட் டவுன் செய்யவும். இல்லாவிட்டால் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி கணினியை முழுமையாக அணைக்காமல் அரைத்தூக்கத்தில் விட்டுவிடும். வைஃபை அட்டை தெரியாமல் போவதற்கும், விண்டோஸ் பகுதியிலுள்ள கோப்புகளை லினக்ஸிலிருந்து மாற்ற முடியாமல் போவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

வைஃபை

புகார்களில் முதலிடம் இதற்குத்தான். முதலில் செய்ய வேண்டியது, உள்ளே இருக்கும் சில்லு எது என்று கண்டுபிடிப்பது. வெளியே ஒட்டியிருக்கும் மடிக்கணினி மாடல் பெயர் போதாது. ஒரே மாடலில் ஒரு தொகுதிக்கு இன்டெல் அட்டை, அடுத்த தொகுதிக்கு ரியல்டெக் அட்டை என்று போட்டு விற்பது வழக்கம். லினக்ஸ் மிண்டில் 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' செயலியைத் திறந்து 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பகுதியில் நெட்வொர்க் என்ற தலைப்பைப் பார்த்தால் பெயர் இருக்கும். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ என்ற ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துகளைத் தட்டினாலும் வரும். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இன்டெலின் எண் 8086. 1978-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள்.

இன்டெல் என்று வந்தால் கவலை வேண்டாம். அநேகமாக உடனே ஓடும். அப்படியும் ஓடாவிட்டால் மடிக்கணினியின் பக்கவாட்டுச் சுவிட்சையும் விமானச் சின்னம் போட்ட விசையையும் பார்க்கவும். பழைய திங்க்பேட், டெல் லாட்டிடியூட் மாடல்களில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுவிட்ச் விளிம்பில் இருக்கும். பையிலிருந்து எடுக்கும்போது தட்டுப்பட்டு அணைந்திருக்கும்.

பிராட்காம் என்று வந்தால் கொஞ்சம் வேலை இருக்கிறது. இந்த நிறுவனம் நெடுங்காலம் லினக்ஸ் நிரலாளர்களுக்கு விவரம் தரவில்லை. அவர்கள் சில்லின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்துத் தாங்களே டிரைவர் எழுதினார்கள். 2010 செப்டம்பரில்தான் சில சில்லுகளுக்கு மட்டும் நிறுவனமே திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. 2013 முதல் 2015 வரை வந்த பல மலிவு மடிக்கணினிகளில் இருக்கும் 43142 என்ற சில்லு இன்றும் நிறுவனத்தின் மூடிய டிரைவரைக் கேட்கும். அதைப் போட 'டிரைவர் மேனேஜர்' என்ற செயலியைத் திறந்தால் போதும். உபுண்டுவில் இதன் பெயர் 'அடிஷனல் டிரைவர்ஸ்'.

டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். என்ன செய்வது? ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, கைப்பேசி அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால் கம்பிவழி இணையம் வந்துவிடும். கைப்பேசி வீட்டு வைஃபையில் இருந்தால் டேட்டாகூடச் செலவாகாது. மிண்டின் டிரைவர் மேனேஜர், இணையம் இல்லாதபோது நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவிலிருந்தே பிராட்காம் டிரைவரை எடுத்துக்கொள்ளும் வசதியும் கொண்டது. பென்டிரைவை உடனே அழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ரியல்டெக் சில்லுகளில் இரண்டு வகைக் கோளாறுகள் அடிக்கடி வரும். 2018-க்குப் பிந்திய மலிவு மடிக்கணினிகளில் இருக்கும் 8821சிஇ சில்லுக்கு 2020-இன் பிற்பகுதியில்தான் கெர்னலில் டிரைவர் வந்தது. புதிய பதிப்பைப் போட்டால் தீரும். மற்றது வேடிக்கையானது. 8723பிஇ சில்லு உள்ள சில எச்.பி. மடிக்கணினிகளில் வைஃபை தெரியும், இணையும், ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வேலை செய்யும். ஹாலில் கிடைக்கிறது, அறைக்குள் போனால் போய்விடுகிறது. டிஎம் இணைப்பைத் திட்டிப் பயனில்லை. அந்த அட்டையில் இரண்டு ஆன்டெனாவுக்கு இடமிருந்தும் ஒன்றைத்தான் மாட்டியிருப்பார்கள். லினக்ஸ் டிரைவர், மாட்டாத முனையைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. டிரைவரின் அமைப்புக் கோப்பில் 'ஆன்ட்_செல்' என்ற மதிப்பை 1 அல்லது 2 என்று எழுதி, எதில் சிக்னல் கூடுகிறது என்று பார்த்து வைத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

எதுவுமே ஆகவில்லை என்றால் அட்டையை மாற்றலாம். பயன்படுத்திய இன்டெல் அட்டை அதிக விலை இராது. ஆனால் 2012-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்230 போன்ற மாடல்களின் பயாஸ், தான் அனுமதித்த அட்டைகளைத் தவிர வேறு எதையும் ஏற்காது. அந்தக் காலத்து எச்.பி. மாடல்கள் சிலவும் அப்படித்தான். அட்டை வாங்குவதற்கு முன் இதை விசாரிக்கவும். யுஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபை குச்சியும் ஒரு வழிதான், ஆனால் மலிவான குச்சிகளில் பலவும் ரியல்டெக் சில்லுதான் என்பதால் அதே கதை திரும்பவும் தொடங்கலாம். கெர்னலிலேயே டிரைவர் உள்ள சில்லா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்றும் வைஃபை கோளாறு போலவே தோன்றும். வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது. கடிகாரத்தைப் பார்க்கவும். உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 நாணய மின்கலம் தீர்ந்திருந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும், உலாவி எந்தத் தளத்தின் சான்றிதழையும் நம்பாது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் நேரம் சரியாக எட்டு மணி நேரம் பிசகுவது வேறு கதை. லினக்ஸ் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை மலேசிய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் ஓர் அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும்.

கறுப்புத் திரை

தொடங்கும்போது சின்னம் தெரிகிறது, பிறகு திரை கறுத்து நிற்கிறது என்றால் பெரும்பாலும் என்விடியா வரைகலைச் சில்லுதான் காரணம். பென்டிரைவ் மெனுவில் மிண்ட் என்றால் 'கம்பேட்டிபிலிட்டி மோட்', உபுண்டு என்றால் 'சேஃப் கிராஃபிக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கவும். நிறுவிய பிறகு டிரைவர் மேனேஜரில் 'ரெக்கமண்டட்' என்று காட்டும் என்விடியா டிரைவரைப் போட்டு மறுதொடக்கம் செய்தால் போதும்.

2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை அச்சில் ஏற்ற முடியாத சொல்லால் திட்டியது பிரபலம். 2022 மே மாதம் அந்த நிறுவனம் தன் கெர்னல் டிரைவரின் மூல நிரலை வெளியிட்டது. ஆனால் அது 2018-க்குப் பிந்திய சில்லுகளுக்கு மட்டுமே. பழைய மடிக்கணினிக்கு அதனால் பயனில்லை. ஜிஃபோர்ஸ் 400, 500 வரிசைக்கான 390 டிரைவரின் ஆதரவு 2022-இலேயே முடிந்துவிட்டது. அத்தகைய கணினியில் நோவோ என்ற திறந்த மூல டிரைவரையே விட்டுவிடலாம், அல்லது இன்டெல் வரைகலை மட்டும் ஓடும்படி வைக்கலாம். பள்ளிப்பாடத்துக்கும் காணொளிக்கும் இது போதும். விளையாட்டுதான் ஓடாது. அதைப் பற்றி அம்மா அப்பா கவலைப்படப் போவதில்லை.

டிஸ்க்கே தெரியவில்லை

நிறுவும்போது 'டிஸ்க் எதுவும் இல்லை' என்றோ, இன்டெல் ஆர்.எஸ்.டி. பற்றிய எச்சரிக்கையோ வந்தால் பயாஸில் சேமிப்பக முறை 'ரெய்டு' அல்லது 'ஆர்.எஸ்.டி.' என்று இருக்கும். அதை 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்ற வேண்டும். விண்டோஸை வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் நேரடியாக மாற்றிவிடக் கூடாது, விண்டோஸ் தொடங்காது. முதலில் விண்டோஸில் 'சேஃப் மோட்' அமைப்பைப் போட்டு, மறுதொடக்கம் செய்யும்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய் வந்து, பிறகு அந்த அமைப்பை எடுத்துவிட வேண்டும். முன்பு சொன்ன பிட்லாக்கர் எண் இங்கே தேவைப்படலாம்.

நிறுவல் பாதியில் உறைந்தால் லினக்ஸைச் சந்தேகிப்பதற்கு முன் பென்டிரைவைச் சந்தேகிக்கவும், அதன்பின் வன்தட்டை. 'டிஸ்க்ஸ்' என்ற செயலி வன்தட்டின் உடல்நிலையைக் காட்டும். பத்து ஆண்டு ஓடிய சுழலும் வன்தட்டை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுவதற்குச் செய்யும் செலவு, பழைய மடிக்கணினிக்குச் செய்யும் எந்தச் செலவைவிடவும் பலன் தரும்.

நீலத் திரையில் ஒரு கேள்வி

பலர் இடறும் இடம் இது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் பிராட்காம், என்விடியா போன்ற கூடுதல் டிரைவரைப் போடும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் நீல நிறத் திரை ஒன்று வரும், அதன் தலைப்பு 'எம்ஓகே மேனேஜ்மென்ட்'. சில விநாடிகளில் விசையை அழுத்தாவிட்டால் அதுவாகவே கடந்துவிடும். பயந்துபோய் 'கண்டினியூ' அழுத்துபவர்களே அதிகம். அப்படிச் செய்தால் டிரைவர் இருந்தும் இயங்காது. 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டவர்கள் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் கேள்வி திரும்ப வரும். செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவதும் ஒரு வழி.

சில ஏசர் மாடல்களில் நிறுவல் முடிந்த பிறகும் லினக்ஸ் தொடங்காது. பயாஸில் ஒரு சூப்பர்வைசர் கடவுச்சொல்லை வைத்தால்தான், 'இந்தக் கோப்பை நம்பு' என்று லினக்ஸின் தொடக்கக் கோப்பைக் காட்டும் தேர்வே திறக்கும். காட்டிய பிறகு கடவுச்சொல்லை எடுத்துவிடலாம். மறந்துபோகும் கடவுச்சொல்லை அங்கே விட்டுவைப்பது வம்பு.

மற்றவை

ஒலி வரவில்லை என்றால் பாதி நேரம் அது எச்.டி.எம்.ஐ. வழியாகப் போய்க்கொண்டிருக்கும். ஒலி அமைப்பில் வெளியீட்டை மாற்றினால் போதும். 2019-க்குப் பிந்திய இன்டெல் மடிக்கணினிகளில் ஒலிவாங்கிக்கு எஸ்.ஓ.எஃப். என்ற ஃபர்ம்வேர் தேவை, அது இற்றைப்படுத்தும்போது வந்துவிடும். கேமராக்கள் அநேகமாக எல்லாமே பொதுத் தரத்தில் இருப்பதால் தொல்லை இல்லை. கைரேகை உணரி பலவற்றில் வேலை செய்யாது, அதற்காக நேரத்தை வீணாக்க வேண்டாம். மூடித் திறந்தால் விழிக்காத கணினியை மூடும்போது தூங்காதபடி அமைத்துவிட்டு, முடிந்ததும் அணைத்துவிடுவதே நடைமுறைக்கு ஒத்த வழி.

அச்சுப்பொறி வாங்கும் எண்ணம் இருந்தால் எச்.பி. மாடல்களுக்கு அந்த நிறுவனமே லினக்ஸ் மென்பொருளைப் பராமரிக்கிறது. ஏர்பிரின்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் எந்த அச்சுப்பொறியும் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே ஓடும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் தமிழை ஒரு பாடமாக எடுக்கும் மாணவர்களும் முதலில் கேட்பது தமிழில் தட்டச்சு செய்யலாமா என்பதுதான். செய்யலாம். ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப்பொறி முறை ஆகியவை விசைப்பலகைப் பட்டியலில் சேர்ந்துவிடும். 1985-இலேயே முரசு செயலியை உருவாக்கிய முத்து நெடுமாறனின் நாடு இது. அஞ்சல் முறையில் பழகியவர்களுக்கு ஒலிபெயர்ப்பு முறை ஓரளவு கைக்கு வரும், ஓரிரு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் தயாரித்த பயிற்சித்தாள்கள் மட்டும் அந்த எழுத்துரு இல்லாமல் கந்தலாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பை விண்டோஸிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளவும்.

கல்வி அமைச்சின் டெலிமா தளமும் வருமான வரி இ-ஃபைலிங்கும் உலாவியில் இயங்குவதால் எந்த இயங்குதளம் என்பது பொருட்டல்ல. மைக்ரோசாஃப்ட் ஆபிஸை நிறுவ முடியாது. லிபர் ஆபிஸ் இருக்கிறது, ஆனால் வேர்டில் செய்த சிக்கலான அட்டவணைகள் அதில் சற்றுக் குலையும். ஒப்படைக்கும் வேலையைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பச் சொல்ல வேண்டும்.

எந்தக் கணினியை விட்டுவிட வேண்டும்?

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. 32-பிட் செயலி உள்ள பழைய நெட்புக்குகளை உபுண்டு 2017-இலும் லினக்ஸ் மிண்டின் முதன்மைப் பதிப்பு 2020-இலும் கைவிட்டுவிட்டன. டெபியன் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து அவற்றுக்கு நிறுவல் கோப்பைத் தருவதில்லை. ஆன்டிஎக்ஸ் போன்ற சில பதிப்புகள் ஓடும்தான். ஆனால் இரண்டு ஜிபி நினைவகத்தில் இன்றைய உலாவியில் கூகுள் மீட் வகுப்பைத் திறந்தால் ஆசிரியரின் முகம் உறைந்து நிற்கும். லினக்ஸ் ஓடுவது வேறு, பிள்ளை அதில் படிப்பது வேறு. நினைவகத்தை நான்கு ஜிபியாக உயர்த்த முடியாத, போர்டிலேயே பற்றவைத்த கணினி என்றால் பெற்றோர் அதற்கு மேல் காசு போட வேண்டாம்.

தமிழிலேயே படித்துத் தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழில் லினக்ஸ் பற்றிய கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் உள்ளன. தஞ்சோங் மாலிம் உப்சியிலோ வேறு பல்கலைக்கழகத்திலோ படிக்கும் அண்ணன் அக்காள் யாராவது வாரக்கடைசியில் ஊருக்கு வந்தால் அவர்களிடமும் காட்டலாம். அவர்களுக்கு உதவியாக, எல்லாம் ஓடிய பிறகு ஒரு தாளில் மடிக்கணினியின் முழு மாடல் எண், வைஃபை சில்லின் பெயர், போட்ட டிரைவர், பயாஸில் மாற்றியவை ஆகியவற்றை எழுதி, அடிப்பக்கத்தில் காற்றுத் துளைகளை மறைக்காமல் ஒட்டி வைக்கவும். ஆறு மாதம் கழித்து ஏதாவது நின்றுபோனால் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.